லயத்துக் கொல்லையும் நம் உரிமையும்

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. இன்று அடுப்பங்கரையைப் பற்றியும் பேசுவோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் பெரும்பங்கு மளிகைக் கடையிலேயே கரைந்துவிட்டால் உயர்வு யாருக்கு?

யுத்தத்துக்கு முன் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பானியர் நாட்டைப் பிடித்த பின் அரிசி வரத்து அற்றுப்போயிற்று. ரப்பருக்கும் கிராக்கி இல்லை. ரப்பரைத் தின்ன முடியுமா? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் லயத்துக் கொல்லையிலும் காட்டோரத்திலும் மரவள்ளி நட்டார்கள். ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோன வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கிழங்கினால்தான். ஆனால் கிழங்கு வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. கீரையும் பயறும் முட்டையும் கூட வேண்டும்.

நிலம் கேட்பது புதுமையல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிற்று. சுமார் 2,700 சதுர அடி! வெண்டை, கத்தரி, பயற்றங்காய், முருங்கை, நாலு கோழி: ஒரு குடும்பத்தின் கறிச் செலவில் பாதியையாவது அது தாங்காதா?

மறுநடவுக் காட்டிலும் இடமுண்டு. ரப்பர்க் கன்று நிழல் கட்டும் வரை, முதல் இரண்டு மூன்று வருஷங்கள், வரிசைகளுக்கு நடுவே வாழையும் அன்னாசியும் கச்சானும் போடலாம். பொந்தியான் பக்கத்துச் சதுப்பு மண்ணில் அன்னாசி விளைவது நாம் அறிந்ததுதானே. வருஷக் கடைசி மழையில் வெள்ளம் நிற்கும் இடமானால் மேட்டுப் பாத்தி கட்டுங்கள். கோழி எருவும் சமையல் கழிவும் மக்கினால் உரத்துக்குக் காசு வேண்டாம். புல்மருந்து அடிக்கும் காட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கீரை போடவேண்டாம்; பிள்ளைகள் தின்பது.

ஒன்றில் விழிப்பாக இருப்போம். கொல்லையில் காய் விளைகிறதே, கூலி எதற்கு என்று எவரும் கணக்குப் போட இடங்கொடுக்க மாட்டோம். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் கூலியை வெட்டினார்கள். பல்லாயிரம் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கொல்லை வேறு, கூலி வேறு.

இன்னொன்று, நிலம் நம்முடையதல்ல. ஜொகூரில் ரப்பர் நின்ற இடங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. தோட்டம் கைமாறினால் நட்ட முருங்கையின் கதி என்ன? 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிற்று. அவ்வளவு தூரம் இன்றைக்கே போக முடியாவிட்டாலும், கொல்லை நிலத்துக்கு எழுத்து மூலம் அனுமதி, எடுப்பதானால் அறுவடை வரை தவணை, நிற்கும் பயிருக்கு ஈடு ஆகிய மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வைக்கிறோம். எந்த லயத்தில் எத்தனை கொல்லை இருக்கிறது என்ற கணக்கைத் தோட்டக் கமிட்டிகள் அதற்கு முன் எடுத்துத் தரவேண்டும்.