கன்ட்ரோலர் சொல்வதைக் கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் ஏதாவது பேசுப்பா" என்று சங்கத்துச் செயலாளர் சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உனக்கு எது தெரியுமோ அதை" என்றார். எனக்குத் தெரிந்தது பொம்மை வண்டி. சிரிக்காதீர்கள். ரேடியோ கன்ட்ரோல் ட்ரக் என்று சொல்வார்களே, அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில், கையில் உள்ள டிரான்ஸ்மிட்டரால் ஓட்டுவது. வேலை ஒருபக்கம் இருக்க, பல ஆண்டுகளாக இதுதான் என் பொழுதுபோக்கு. பழுதான வண்டிகளை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் கற்றதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் மெஷின்ஸ் லேபில் டி.சி. மோட்டாருக்கு த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டர் இருந்ததே, நினைவிருக்கிறதா? கைப்பிடியை மெல்ல நகர்த்தினால் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொன்றாகக் கழியும். கரண்ட் போனால் நோ-வோல்ட் காயில் விட்டுவிடும், கைப்பிடி தானாகப் பழைய இடத்துக்கு ஓடிவிடும். பழைய பொம்மை ட்ரக்குகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 1986-ல் ஜப்பானின் தமியா கம்பெனி விட்ட பிளாக்ஃபுட் ட்ரக்கில், ஒரு சிறிய சர்வோ மோட்டார் ஒரு தொடுமுனையை நகர்த்தும். அது ரெசிஸ்டரைச் சேர்க்கும், கழிக்கும். மெதுவாக ஓட்டினால் பேட்டரியின் சக்தியில் பெரும்பகுதி ரெசிஸ்டரில் சூடாகவே போய்விடும்.

இப்போது அந்த இடத்தில் எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர் வந்துவிட்டது. சுருக்கமாக இ.எஸ்.சி. என்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே மாஸ்ஃபெட்டுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மோட்டாரைப் போட்டும் அணைத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ரிசீவரிலிருந்து சுமார் 20 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு அதற்கு வருகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் நில்; 2-ஐ நெருங்கினால் முழு வேகம் முன்னே; 1-ஐ நெருங்கினால் பிரேக் அல்லது பின்னே. இதே பெட்டிக்குள் பி.இ.சி. என்று ஒரு பகுதி, பேட்டரி வோல்டேஜை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் ஸ்டியரிங் சர்வோவுக்கும் கொடுக்கிறது.

ஆக, பேட்டரி ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், ரிசீவர் ஒரு பக்கம். நடுவில் இது. நடுவில் நிற்பவன் மேல்தானே எல்லோரும் பழி போடுவார்கள்? வண்டி நின்றால் உடனே "இ.எஸ்.சி. போச்சு" என்று தீர்ப்பு. என் அனுபவத்தில் பத்து வண்டி வந்தால், இ.எஸ்.சி. உண்மையிலேயே செத்தது ஒன்றோ இரண்டோதான். மற்றவற்றில் அது தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுடைய ட்ரக் ஒரு நிமிஷம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கடையில் காட்டியிருக்கிறார்கள். "புது இ.எஸ்.சி. போடணும். இல்லேன்னா பேட்டரி செட்டிங்கை நிக்கல் பேட்டரின்னு மாத்திடுங்க, அப்புறம் நிக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். பையனின் அப்பா என்னிடம் வந்து, "சார், செலவில்லாம அந்த செட்டிங்கையே மாத்திக் குடுத்துடுங்களேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்" என்றேன். முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நின்ற பிறகும் ஸ்டியரிங் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பி.இ.சி. மூன்றும் சரி. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தாகிவிட்டது. அடுத்து, சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஒரு கட்டை மேல் வைத்து ஓட்டினேன். நிற்கவே இல்லை. தரையில் விட்டால் நிற்கிறது. அப்படியென்றால் கரண்ட் அதிகம் இழுக்கும்போதுதான் கோளாறு.

இப்போது மல்டிமீட்டர். சும்மா இருக்கும்போது பேட்டரி 7.6 வோல்ட் காட்டியது. இதைப் பார்த்து "பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவது பலரின் வழக்கம். லோடு இருக்கும்போது அளக்க வேண்டும். வண்டியின் மூக்கைச் சுவரில் முட்டவைத்து, ஓரிரு விநாடி த்ராட்டில் கொடுத்து, மீட்டர் பிடித்துவைத்த மிகக் குறைந்த அளவைப் பார்த்தேன். கனெக்டருக்கு முன்னால், பேட்டரி பக்கம் 7.1 வோல்ட். கனெக்டருக்குப் பின்னால், இ.எஸ்.சி. பக்கம் 5.6 வோல்ட். இடையில் 1.5 வோல்ட் காணாமல் போகிறது!

கனெக்டரின் உறையை நீக்கிப் பார்த்தால் சால்டர் கறுத்து, ஒயர் பாதிதான் பிடித்துக்கொண்டிருந்தது. 30 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் இழப்பு என்றால் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம். ரொம்பச் சின்ன எண். ஆனால் அங்கே எரியும் சக்தி எவ்வளவு? 45 வாட். நம் லேபில் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குச் சூடு, பிளாஸ்டிக் கனெக்டருக்குள்ளே, பேட்டரிக்குப் பக்கத்திலே.

அந்த வண்டியில் இருந்தது இரண்டு செல் லிப்போ பேட்டரி. லிப்போ செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக் கூடாது. அதனால் செல்லுக்கு 3.2 வீதம், 6.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும்படி அந்த இ.எஸ்.சி. அமைக்கப்பட்டிருந்தது. அது 5.6-ஐப் பார்த்தது, நிறுத்தியது. வேறென்ன செய்யும்? நிக்கல் பேட்டரி என்று செட்டிங்கை மாற்றியிருந்தால் வண்டி நிற்காமல் ஓடியிருக்கும்தான். கனெக்டர் உருகும்வரை ஓடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் பேட்டரி அடிமட்டம்வரை வடிந்திருக்கும். அப்படி வடிந்த லிப்போ உப்பிப்போகும். அதை மறுபடி சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கலாம். அந்தப் பையன் பேட்டரியைச் சார்ஜ் போடுவது எங்கே தெரியுமா? அவன் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில்.

கனெக்டரை மாற்றிப் புதிதாகச் சால்டர் செய்தேன். செட்டிங்கைத் தொடவில்லை. வண்டி ஓடுகிறது. சார்ஜ் போடும் இடத்தை மட்டும் சிமென்ட் தரைக்கு மாற்றச் சொன்னேன், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடச் சொன்னேன்.

இனி, தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளச் சில விஷயங்கள்.

ஒன்று. வண்டியில் உயிரே இல்லையா? பேட்டரி, கனெக்டர், சுவிட்ச், இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டியரிங் வேலை செய்து மோட்டார் மட்டும் ஓடவில்லையா? டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் ட்ரிம் நடுவில் இருக்கிறதா பாருங்கள். சுவிட்ச் போடும்போது "நில்" என்ற துடிப்பைப் பார்க்காவிட்டால் பல இ.எஸ்.சி.க்கள் மோட்டாருக்குக் கரண்ட் விடாது. கைப்பிடி பழைய இடத்துக்கு வந்தால்தான் மோட்டார் கிளம்பும் என்ற அதே ஸ்டார்ட்டர் தத்துவம்தான்.

இரண்டு. "ரிவர்ஸ் வேலை செய்யலை" என்று வரும் வண்டிகளில் பல நல்ல வண்டிகளே. பல இ.எஸ்.சி.க்களில் முன்னே ஓடும்போது ட்ரிக்கரைத் தள்ளினால் முதலில் பிரேக். விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். ஓடுகிற கியருக்கும் மோட்டாருக்கும் அது பாதுகாப்பு.

மூன்று. பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மூன்று ஒயர். கிளம்பும்போது வெட்டி வெட்டி நடுங்கினால் மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சென்சார் இல்லாத வகையில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சுழற்சி திசை மாறும், நம் த்ரீ பேஸ் மோட்டார் மாதிரியே. சென்சார் உள்ள வகையில் அப்படி மாற்றக் கூடாது. குறியிட்டபடியே இணைக்க வேண்டும்.

நான்கு. சூடாகி நின்றால், மோட்டார் பினியன் பல்சக்கரம் பெரிதா, சக்கரத்தில் முடி, நூல், மண் சுற்றியிருக்கிறதா பாருங்கள். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும்.

இவற்றுக்குப் பிறகுதான் புரோகிராமிங். செய்வது சுலபம். டிராக்ஸஸ் கம்பெனியின் எக்ஸ்.எல்.-5 கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பொத்தான், ஒரு விளக்கு. முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு பச்சை, பிறகு சிவப்பு. கையை எடுத்துவிட வேண்டும். சிவப்பு ஒருமுறை மின்னும்போது ட்ரிக்கரை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இருமுறை மின்னும்போது முழுதாகப் பின்னே தள்ளிப் பிடிக்க வேண்டும். பச்சை ஒருமுறை மின்னினால் அளவெடுப்பு முடிந்தது. இதே பொத்தானால் மூன்று ஓட்ட முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று சாதாரணம், ஒன்று ரிவர்ஸ் இல்லாத ரேஸ், மூன்றாவது பயிற்சி முறை, வேகம் பாதிதான், பிரேக் மட்டும் முழுசு. சின்னக் குழந்தை கையில் கொடுக்கும்போது இதைப் போட்டுக் கொடுங்கள். வண்டியைப் போட்டதும் விளக்கு பச்சையாக நின்றால் பேட்டரிப் பாதுகாப்பு இயங்குகிறது. சிவப்பாக நின்றால் இல்லை. லிப்போ போட்ட வண்டியில் சிவப்பைப் பார்த்தால் ஓட்டாதீர்கள்.

மற்ற கம்பெனிகளில் பொத்தானும் விளக்கும் வேறுமாதிரி இருக்கும். கூட வரும் தாளைப் பத்திரமாக வையுங்கள். எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பேட்டரி வகை, பிறகு த்ராட்டில் அளவெடுப்பு, பிறகு ஓட்ட முறை, கடைசியில் பிரேக், வேகம் எடுக்கும் விதம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கட்டும்.

பொம்மைக்கு இவ்வளவு பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. உங்களில் பலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். அந்த ஸ்கூட்டரிலும் ஒரு கன்ட்ரோலர். அதற்கும் த்ராட்டில் சிக்னல், வோல்டேஜ் காவல், சூட்டுக் காவல். அது வண்டியை நிறுத்தினால், "எந்த செட்டிங்கை மாற்றினால் ஓடும்?" என்று யாராவது உங்களைக் கேட்பார்கள். மேலதிகாரியே கேட்கலாம். "ஏன் நிறுத்தியது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்" என்று பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு குடும்பம் உட்கார்ந்து போகப் போகிறது.

துறைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். என் வீட்டுப் பரணில் ஓடாத வண்டிகள் ஆறு இருக்கின்றன. அவற்றை லேபுக்குக் கொடுத்துவிடுகிறேன். மீட்டர் உங்களுடையது. எது எதனால் நின்றது என்று கண்டுபிடித்து எழுதிவையுங்கள். அடுத்த சந்திப்பில் உங்களில் ஒருவர் இந்த மேடையில் நின்று பேச வேண்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.