குருத்தணுவும் கெர்தாமும்



தென்னைக்கு உயிர் குருத்தில் இருக்கிறது. மட்டையை வெட்டினால் மரம் பிழைக்கும். குருத்தை வெட்டினால் பட்டுப்போகும். உடலின் பல்வகை அணுக்களாகவும் வளரவல்ல மூல அணுவுக்குக் குருத்தணு என்ற பெயர் மிகப் பொருந்தும்.

நம் நாட்டின் கடைசி ஆண் சுமத்திராக் காண்டாமிருகமாகிய கெர்தாம் 2019 மே மாதம் சபாவில் மடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் கடைசிப் பெண்ணாகிய இமானும் மடிந்தது. ஆயினும் கெர்தாமின் தோலணுக்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. முதிர்ந்த அணுவையும் குருத்து நிலைக்குத் திருப்பலாம் என்பதை எலியின் அணுக்களைக் கொண்டு 2006இல் நிறுவியவர் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமானாக்கா. அவ்வழியைப் பின்பற்றிய பெர்லின் மேக்ஸ் டெல்புரூக் மையத்தார், கெர்தாமின் தோலணுக்களைக் குருத்தணுக்களாக்கி 2022இல் ஆய்வுரை வெளியிட்டனர். அவற்றிலிருந்து விந்தணுக்களை உருவாக்குவதே அவர்தம் குறிக்கோள்.

அஃது எளிதன்று. கரு உருவானாலும் அதனைச் சுமக்க ஒரு தாய் வேண்டும். பிறந்த கன்று வாழ ஒரு காடு வேண்டும். இந்தோனேசியாவில் எஞ்சியுள்ளவையோ மிகச் சில. ஆகவே, ஆய்வகத்தை நம்பிக் காட்டைக் கைவிடுதல் தகாது.

ஆசிரியர்களே, இச்செய்தியைத் தமிழிலேயே கற்பியுங்கள். தென்னங்குருத்தைக் கண்ட பிள்ளைக்குக் குருத்தணு என்றதும் பாதிப் பாடம் விளங்கிவிடும். மீதிப் பாதியை நாம் விளக்குவோம்.