கியர் பெட்டியும் எண்ணெயும்



கிளட்சை மிதித்து, கியர்த் தண்டை முன்னும் பின்னும் தள்ளி மோட்டார் வண்டி ஓட்டுகிறவர்களை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். உங்களில் சிலர் ஓட்டவும் கற்றிருக்கலாம். ஆனால் அந்தத் தண்டின் அடியில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கியர் பெட்டிக்கும் தனியே எண்ணெய் உண்டு, அதையும் காலம் பார்த்து மாற்றவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை வீட்டு வாசலிலேயே எப்படி மாற்றலாம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நான் மோட்டார்த் தொழிலை முறையாகப் படித்தவன் அல்லன். தவறு செய்து கற்றுக்கொண்டவன். ஆகவே என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அது 1998ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது பொள்ளாச்சியில் குடியிருந்தோம். எங்களிடம் பழைய மாருதி 800 வண்டி ஒன்று இருந்தது. என் தாயாருக்குக் கண்ணில் புரை விழுந்து, கோயமுத்தூரில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். நாற்பது கிலோமீட்டர்ப் பயணம். அதற்கு முதல் நாள் மாலை, வண்டியை நல்ல நிலையில் வைத்துக்கொள்வோமே என்ற ஆர்வத்தில், கியர் எண்ணெயை மாற்றத் துணிந்தேன். ஜாக்கியைக் கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தினேன்; அடியிற் படுத்து, பெட்டியின் கீழே இருந்த திருகைக் கழற்றினேன். கறுத்த எண்ணெய் முழுவதும் தட்டிலே வடிந்தது. பெருமையோடு எழுந்து, புது எண்ணெயை ஊற்றுவதற்காகப் பக்கவாட்டில் இருந்த நிரப்பும் திருகைத் திருப்பினேன். அது அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். திருகின் முனைகள் மழுங்கி, ஸ்பானர் வழுக்கத் தொடங்கிற்று. இரவு எட்டு மணி. பெட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஊற்ற வழியும் இல்லை. தெரிந்த மெக்கானிக் ஊரில் இல்லை.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு, இருட்டில் படிகள் தெரியாத தாயாரைக் கைபிடித்துப் பேருந்தில் ஏற்றினேன். அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வண்டி அங்கேயேதான் இருக்கும், நீ தூங்கினாயா, அப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் நினைவில் இருக்கிறது.

மாலையில் மெக்கானிக் வந்தார். முதியவர், சொற்கள் குறைவு. படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஊற்றும் வாயைத் திறந்து பார்க்காமல், வடிக்கும் வாயைத் திறக்கலாமா, தம்பி?" என்றார். பிறகு, "ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு எங்கே?" என்று கேட்டார். ஸ்டாண்டு வைக்கவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "உங்கள் அம்மா பஸ்ஸில் போனது பெரிய நஷ்டம் இல்லை. ஜாக்கி சரிந்திருந்தால், அவர்களை அழைத்துப் போக நீ இருந்திருக்கமாட்டாய்" என்றார். மழுங்கிய திருகின்மேல் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். சிறிது இறுக்கமான சாக்கெட்டை அதன்மேல் அடித்து ஏற்றித் திருப்பினார். திருகு கழன்றது. அன்று அவர் சொல்லித் தந்ததையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் சேர்த்தே இனிச் சொல்லப்போகிறேன்.

முதலில், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பன்னிரண்டு பல் உள்ள சிறு சக்கரம், முப்பத்தாறு பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறியது மூன்று முறை சுற்றினால் பெரியது ஒருமுறை சுற்றும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. உராய்வால் போவதை நீக்கிப் பார்த்தால், திருப்பும் வலிமை மும்மடங்காகிறது. மலை ஏறுவதற்கும், நின்ற வண்டியை நகர்த்துவதற்கும் இந்த வலிமை வேண்டும். சமதரையில் விரைந்து ஓட வலிமை குறைந்தாலும் வேகம் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்து தருவதே கியர் பெட்டி.

இன்றைய பெட்டிகளில் முன்னோக்கிச் செல்லும் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. தண்டை நாம் தள்ளும்போது, ஒரு வளையம் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தை அச்சோடு பூட்டுகிறது. ஆனால் சக்கரம் ஒரு வேகத்திலும் அச்சு வேறொரு வேகத்திலும் சுழன்றுகொண்டிருக்க, இரண்டையும் பூட்டினால் பற்கள் அரைபடும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் ஓசையைக் காதால் அளந்து, கியர் மாற்றினார்கள். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், அடுத்த ஆண்டுக்கான தன் வண்டிகளில் ஓர் உபாயத்தைப் புகுத்தியது. பூட்டு விழுவதற்கு முன்பு கூம்பு வடிவமான இரு பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து, இரண்டு வேகங்களையும் சமமாக்கிவிடும். இன்று பெரும்பாலான வண்டிகளில் இந்த வேலையைச் செய்வது ஒரு பித்தளை வளையம். நம்முடைய கை எளிதாகக் கியர் மாற்றுவது அந்தச் சிறு வளையத்தின் தயவினால்தான்.

இங்கேதான் எண்ணெயின் சங்கடமான நிலை விளங்குகிறது. பற்கள் அழுந்தும் இடத்தில் அது நன்றாக வழுக்கவேண்டும். பித்தளை வளையம் கூம்பைப் பற்றும் இடத்திலோ அது வழுக்கலாகாது. அங்கே உராய்வு வேண்டும். அதற்காகவே வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை எண்ணெய்ப் படலத்தைக் கீறி ஒதுக்குகின்றன. ஒரே எண்ணெய் ஓரிடத்தில் வழுக்கவும் மற்றோரிடத்தில் பற்றவும் துணைபுரியவேண்டும் என்றால், கடையில் கிடைத்த எதையாவது வாங்கி ஊற்றுவது எவ்வளவு தவறு என்பது உங்களுக்கே புரியும்.

பற்களின்மேல் அழுத்தம் மிகும்போது வெறும் எண்ணெய் பிதுங்கிப் போய்விடும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய பொருள்களை அதில் சேர்க்கிறார்கள். கியர் எண்ணெயின் நாற்றம் அந்தக் கந்தகத்தால் வருவதே. அழுத்தத்தாலும் சூட்டாலும் இப்பொருள்கள் இரும்புப் பரப்போடு வினைபுரிந்து மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தப் படலம், பிழைப்பது பல். குப்பியின்மேல் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்ற தரக் குறிகளைக் காணலாம். ஐந்தில் இப்பொருள்கள் பொதுவாக அதிகம். ஆகவே ஐந்துதான் உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து, பின்அச்சின் கடும் அழுத்தத்துக்கு ஏற்றது. நான்கை வேண்டும் பெட்டியில் ஐந்தை ஊற்றினால் சில வகைகள் பித்தளையை அரிக்கக்கூடும். வளையத்தின் பிடிப்பும் கெடலாம். 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற எண்கள் எண்ணெயின் தடிப்பைக் குறிப்பவை. இவற்றை எஞ்சின் எண்ணெயின் எண்களோடு ஒப்பிடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். வண்டியோடு வந்த கைப்புத்தகம் எதைச் சொல்கிறதோ, அதையே வாங்குங்கள்.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் கரி கியர் பெட்டிக்குள் வருவதில்லை. ஆகவே கியர் எண்ணெய் நெடுநாள் உழைக்கும். ஆனாலும் உலோகத் தூள் சேரும். சேர்மானப் பொருள்கள் செலவாகும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால், மூச்சுத் துளை வழியாக நீரும் புகும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியின் எண்ணெயைக் காலக்கணக்குப் பார்க்காமல் உடனே சோதிக்கவேண்டும். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி வந்தால் எண்ணெய் இளகும். கை சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். நான்கு பக்கமும் ஒரே மட்டமாக ஸ்டாண்டின்மேல் வைத்து, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியிற் செல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் எண்ணெயின் மட்டமும் பொய் சொல்லும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் இதில் இறங்கவேண்டாம்.

முதலில் நிரப்பும் திருகைத் தளர்த்துங்கள். அது தளராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி ஓடும் நிலையிலாவது இருக்கும். அது தளர்ந்த பின்னரே வடிக்கும் திருகைக் கழற்றுங்கள். எண்ணெய் நூலாகி, சொட்டாகி, நிற்கும்வரை காத்திருங்கள். பல வண்டிகளில் வடிதிருகின் நுனியில் காந்தம் உண்டு. அதில் சாம்பல்நிறக் குழம்பு மெல்லியதாகப் படிந்திருந்தால் அஞ்சவேண்டாம். அது இயல்பான தேய்மானம். கூரிய இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கக்கூடும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஆகவே தட்டில் உள்ள எண்ணெயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறப் பொடி மின்னினால், முன்பு சொன்ன வளையம் தேய்கிறது என்று அறியலாம். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோன்ற சோதனை இது.

திருகைத் துடைத்து, புது வாஷர் இட்டு இறுக்குங்கள். திருகு எஃகு, பல வண்டிகளில் பெட்டி அலுமினியம். வலிமையைக் காட்டினால் மெலிந்த உலோகத்தின் மறை அழிந்துபோகும். கைப்புத்தகம் சொல்லும் முறுக்கு அளவோடு நில்லுங்கள். பிறகு, புனலில் ரப்பர்க் குழாயை மாட்டி, மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். பல வண்டிகளில் நிரப்பும் துளையின் விளிம்பே மட்டம். எண்ணெய் அங்கே வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது சொட்டாகக் குறைந்ததும் மூடவேண்டும். பெரும்பாலான கியர் பெட்டிகளில் எண்ணெயை ஏற்றும் பம்பு கிடையாது. கீழே உள்ள பற்சக்கரம் எண்ணெயில் முழுகி எழுந்து, மற்றவற்றின்மேல் அதை வாரி இறைக்கிறது. எண்ணெய் குறைந்தால் மேலே உள்ள பேரிங்குகள் வறளும். கூடினால் நுரைத்துச் சூடேறி, சீல்கள் வழியே கசியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன நம் முன்னோர், பெட்டியில் ஊற்றுவதை அளக்காமல் விடச் சொல்வார்களா?

இறுதியாக, தட்டில் இருக்கும் பழைய எண்ணெய். அதைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டுவது பெருந்தவறு. ஒரு காலன் கழிவெண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் கழிவெண்ணெயைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவெண்ணெயை முறையாகச் சேகரித்து அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

என் தாயாருக்குச் சிகிச்சை நலமாகவே முடிந்தது. கட்டு அவிழ்த்த பிறகு, சரிசெய்த வண்டியிலே அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்று முதல், எந்த வேலையானாலும் முன்னே போகும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையிலிருப்பதைக் கழற்றுகிறேன். பொள்ளாச்சி மெக்கானிக் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். அவர் கியர் பெட்டியைப் பற்றி மட்டுமே பேசியதாக அன்று நினைத்தேன்.