அத்தியட்சர் அசரியா: தேரிக்காட்டிலிருந்து தோர்ணக்கல் வரை



எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் சிறு கலயத்தில் போடுவார். அரிசிப் பானை தட்டுப்பட்ட நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். எதற்கென்று கேட்டால், "தெலுங்குச் சீமைக்குய்யா" என்பார். ஆச்சி ரயில் ஏறியவர் அல்லர். அவர் கலயத்துக்கும் தெலுங்குச் சீமைக்கும் வழி போட்ட வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1874 ஆகஸ்ட் 17 அன்று தேரிக்காட்டு ஊரான வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் குருவானவர். மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாய் எல்லன் அம்மையார்தான் வளர்த்தார். அசரியா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார், பட்டம் பெறாமலே வெளியேறினார். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1902இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி அனுப்புவதைக் கண்டார். நூறாண்டாகக் கையேந்தி வாங்கிய திருநெல்வேலிச் சபை ஏன் கொடுக்கக் கூடாது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம்: அதுதான் சங்கத்தின் அடிப்படை. ஆச்சியின் கலயம் அந்த வழியில் வந்தது.

1910இல் எடின்பரோவில் மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அந்த மேடையில் நின்று, ஐரோப்பிய மிஷனெரிகள் எங்களுக்காகப் பாடுபடுகிறார்கள், உயிரையும் தருகிறார்கள், ஆனால் எங்களோடு நட்பாக இருக்கத் தயங்குகிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் வைத்த விண்ணப்பம். பலருக்கு அது கசந்தது. உதவி செய்கிறவரிடம் சமத்துவம் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது உதவி வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பேச்சைப் புகழ்கிறவர்கள் பலர். அப்போதே அவர் செய்துகொண்டிருந்ததை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். 1909இலேயே குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகப் போயிருந்தார். அங்கே அவரே அந்நியர். பாஷை வேறு, சாப்பாடு வேறு. 35 வயதில் தெலுங்கு எழுத்துப் படித்தார். மனைவி அன்பு மரியம்மாள், கல்லூரிப் படிப்புப் படித்தவர், பிள்ளைகளோடு அந்தக் காட்டில் வந்து குடியிருந்தார். எடின்பரோவில் பிறரிடம் கேட்டதைத் தாம் கொடுக்க முடியுமா என்ற சோதனை அங்கே அவருக்குத் தினமும் நடந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர், வயது 38. வெள்ளைக்கார மிஷனெரிகளில் சிலர் எதிர்த்தார்கள். நம் திருநெல்வேலியிலும் எதிர்ப்பு இருந்தது, அதற்குப் பின்னால் சாதி இருந்தது. இதை மறைத்து அவருக்கு விழா எடுப்பது சரியாகாது.

மாட்டு வண்டியிலும் ரயிலிலும் கிராமம் கிராமமாகப் போனார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள்; ஒருவர் தொட்டதை ஒருவர் உண்ணாதவர்கள். அவர்களை ஒரே சபையாக உட்கார வைப்பது அவருக்கு ஓயாத வேலை. ஞானஸ்நானம் பெற்றவர்களை அவரவர் கையை அவரவர் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், நற்செய்தி சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார். நிலமும் எழுத்தும் இல்லாத கூலிக்காரர் ஊருக்குச் சேதி சொல்லும் பொறுப்பை ஏற்ற கணம் அது. 1912இல் 56,000 பேரளவில் இருந்த திருமண்டலம் 1941இல் 2,25,000ஐத் தொட்டது.

இந்த மதமாற்றங்களைக் காந்தியடிகள் ஏற்கவில்லை, இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று சொன்னவரும் இதே அசரியாதான்.

தோர்ணக்கலில் அவர் ஆசைப்பட்ட பேராலயம் எழும்ப வெகுகாலம் ஆனது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையானது. மேலே மசூதியை ஒத்த குவிமாடங்கள், உள்ளே கோயில் மண்டபத்தின் சாயலில் தூண்கள். தெலுங்குக் குடியானவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் வேற்றிடம் என்று தோன்றாத கட்டடம்.

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சில் அவர் முன்னின்றார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் கண்மூடினார். வெள்ளாளன்விளைக்குக் கொண்டுவரவில்லை, அந்தப் பேராலயத்தின் அருகில், தெலுங்கு மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.