முப்பத்திரண்டு பெண்கள்



பெண்ணழகைப் பாடப் புகும் கவிஞர் பலர் உறுப்புகளை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். கண்ணுக்கொன்று, இடைக்கொன்று என உவமைகள் பெருகும். பாடப்பட்ட பெண்ணோ அவற்றினிடையே காணாமற் போவாள். இவ்விடர்ப்பாட்டுக்குத் தம் துறையில் ஒரு விடை கண்டவர் ஜப்பானிய ஓவியர் யோஷிதோஷி (1839-1892).

1888ஆம் ஆண்டில் அவர் முப்பத்திரண்டு பெண்களை மரக்கட்டை அச்சோவியங்களாக வெளிக்கொணர்ந்தார். முப்பத்திரண்டு என்பது புத்தர் திருமேனியின் இலக்கணங்களைச் சுட்டும் தொகை. அப்புனித எண்ணுக்குள் இல்லத்தரசியும் விலைமகளும் ஒருங்கே இடம்பெற்றனர். 1789இல் தொடங்கிய கான்சேய் காலம் முதல் ஓவியர் வாழ்ந்த மெய்ஜி காலம் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பெண்டிர் இவ்வரிசையில் உள்ளனர்.

ஒவ்வோர் ஓவியத்தின் தலைப்பும் முதலில் ஓர் உணர்வைச் சொல்லும். பின்னரே காலத்தையும் பெண்ணின் நிலையையும் சொல்லும். 'வலிக்கிறது போலும்' என்னும் ஓவியத்தில் கான்சேய் கால விலைமகள் ஒருத்தி கையில் பச்சை குத்திக்கொள்கிறாள். துணியைப் பல்லால் கடித்து வலியைப் பொறுக்கிறாள். 'அரிக்கிறது போலும்' என்பதில் கயேய் காலத்து (1848-1854) ஆசைநாயகி ஒருத்தி கொசுவலையை விட்டு வெளிப்படுகிறாள். மெய்ஜிப் பெருமாட்டியோ மேலைநாட்டு உடையில், குடையேந்தி உலவுகிறாள்.

இப்பெண்களுள் எவர்க்கும் பெயரில்லை. பெயரின்மைக்கும் அந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரை அச்சோவியங்களில் பொறித்தலை அரசு 1793இல் தடை செய்தது. உதமாரோ படப்புதிர்களுள் பெயர்களை ஒளித்து வைத்தார். 1796இல் அதற்கும் தடை வந்தது. யோஷிதோஷி, பெயரற்றவளுக்கும் தனக்கே உரியதொரு கணத்தை வழங்கினார். வலியும் அரிப்பும் எவரும் இரவல் தரவியலாதவை.

சென்ற காலத்தை விரும்புவோர்க்கே இவ்வோவியங்கள் விற்பனைக்கு வந்தன என்பதையும் மறத்தலாகாது. விலைமகளின் துயரம் வாங்குவோரின் கண்ணுக்கு விருந்தாகவும் ஆகியிருக்கலாம். ஆயினும் கடிபட்ட அத்துணியைக் கண்டவர், பழைய காலம் முற்றும் இனியது என்று எளிதில் சொல்லார்.

பண்டைப் பெண்ணைப் பாட எழுதுகோல் எடுக்கும் கவிஞர், அவள் எப்படி இருந்தாள் என்பதோடு, அவளுக்கு அப்போது எங்கே வலித்தது என்றும் கேட்பாராக.