பொருத்து வீடும் பொருந்தும் வீடும்



வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் கட்டுவதன் வருத்தத்தைச் சொன்னார்களேயன்றி, கட்டி முடிந்த வீட்டை லொறியில் ஏற்றிவந்து வளவில் இறக்கும் காலம் வரும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அக்காலம் வந்துவிட்டது. சுவர், நிலை, கூரை ஆகிய யாவும் தொழிற்சாலையில் அளவு பிசகாது செய்யப்பட்டு, நமது நிலத்திற்கு வந்து, சில நாட்களில் ஆணிகொண்டு முடுக்கப்படுகின்றன. இதனையே நம் நாட்டிற் பொருத்து வீடு என வழங்குகின்றோம். அவ்வீடு நமக்குப் பொருந்தும் வீடாகுமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

தொழிற்சாலையிற் பிறந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு வீட்டைப் பழித்தல் தகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசாங்கம், 1945 முதல் 1949 வரையான காலத்தில், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பொருத்து வீடுகளை நிறுவியது. பத்தாண்டுகளுக்கென்று எண்ணி அமைத்த அவ்வீடுகள் பலவற்றில் மக்கள் பல பத்தாண்டுகள் விரும்பி வாழ்ந்தனர். வசதியான சமையலறையும், குளியலறையும், சுற்றிலும் சிறு தோட்டமும் அவற்றில் இருந்தமையே காரணம். அமெரிக்காவிலோ, சியேர்ஸ் என்னும் வணிக நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் மூலம் வீடுகளை விற்றது. வாங்குவோர் வரைபடத்தைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக் கேட்கவும் இடமிருந்தது. வாழப்போகின்றவரின் தேவையை மதித்தமையால் அவ்வீடுகள் விரும்பப்பட்டன.

நம் மாவட்டத்திற்கு இப்பொருள் புதியதன்று. 2004 டிசெம்பர் 26-ஆந் திகதி கடற்கோள் கரையோர ஊர்களை வாரிச் சென்றபின், எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிற் காலங் கழித்தன. தகரக் கூரையின் கீழ் மாரி மழையிற் பாடம் நடத்தியவர்க்கும் கேட்டவர்க்கும், ஆசிரியரின் குரல் முன்வாங்கைக் கூட எட்டாத கதை தெரியும். 2006-இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் மீண்டபோது, வெறும் நிலத்தில் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில்தான், வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கென 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் முன்மொழியப்பட்டது. ஆர்செலர்மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் அவற்றை வழங்குவதாக இருந்தது. வீடொன்றின் மதிப்பு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியர்கள் உள்ளிட்ட பலர் அதன் அத்திவாரம், கூரைத் தாங்கல், காற்றோட்டம், நீடித்துழைப்பு ஆகியன பற்றி ஐயம் எழுப்பினர். எதிர்ப்பு வலுத்தது, அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. 2012-இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டமோ வேறு வழியிற் சென்றது. குடும்பத்தவரே தம் வீட்டைக் கட்ட, ஐந்தரை இலட்சம் ரூபா படிப்படியாக வழங்கப்பட்டது. அப்பணம் போதாது கடன்பட்டோர் பலர். ஆயினும் எந்தத் திசைக்கு வாசல், எந்தப் பக்கம் அடுப்பு என்ற தீர்மானம் வீட்டாரின் கையில் இருந்தது.

இனி, ஒரு பொருத்து வீட்டை வாங்குவோரும், உதவியாகப் பெறுவோரும் முற்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது நிலம். வீடு தொழிற்சாலையிலிருந்து வரலாம்; அத்திவாரம் அங்கிருந்து வருவதில்லை. மாரியில் வெள்ளம் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை அயலிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்து, தளத்தை அதற்கு மேலே உயர்த்த வேண்டும். 1964 டிசெம்பரிலும், 2020 டிசெம்பரிலும் புயல் கரைகடந்த மாவட்டம் இது. பாரமான கற்சுவரைப் பெயர்க்க முடியாத காற்று, இலேசான சட்டகத்தைத் தூக்கிவிடும். ஆகவே சட்டகமும் கூரையும் அத்திவாரத்தோடு எவ்வாறு பிணைக்கப்படுகின்றன என்று கேட்டுக் கண்ணாற் காண வேண்டும்.

இரண்டாவது வெயில். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. எனவே வெப்பத்தின் பெரும்பங்கைக் கூரையே வாங்குகின்றது. மெல்லிய தகட்டுக் கூரையாயின் கீழே உட்கூரையும், இரண்டிற்கும் இடையே காற்று உலாவ வெளியும் வேண்டும். வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குமாயின், காலை மாலை வெயில் குறுகிய சுவர்களிலேயே விழும். வீடு வந்தபின் அதனைத் திருப்ப இயலாது.

மூன்றாவது உப்பு. நிலாவெளியில் உப்பு விளையும் மண்ணை நாம் அறிவோம். அதே கடற்காற்று இரும்பைத் தின்னும். இரும்பின்மேற் பூசிய நாகப்பூச்சு தான் அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. ஆயின் தகட்டை வெட்டிய ஓரத்திலும், துளையிட்ட இடத்திலும் அக்காவல் குறைகின்றது. யன்னலை மாற்றவோ மின்கம்பி இழுக்கவோ பின்னாளில் துளையிடுவோர், அன்றே அவ்விடத்தில் நாகவர்ணம் பூச வேண்டும். துளைகளை முற்கூட்டியே தீர்மானித்துத் தொழிற்சாலையிலேயே இடச்செய்தல் அதனினும் நன்று.

நான்காவது அடுப்படி. விறகெரிக்கும் வீட்டில் புகைபோக்கியில்லாத குசினி துன்பந் தரும். இங்கே ஆண்டில் ஒரு பாதி தென்மேற்கிலிருந்து கச்சானும், மறுபாதி வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுகின்றன. தென்கிழக்கு மூலையில் அடுப்பிருந்தால் இரு காற்றும் புகையை வீட்டுக்குள் தள்ளாமல் ஒதுக்கிச் செல்லும். அக்கினி மூலை என்று முன்னோர் கூறியது இக்கரையின் காற்றுக்கும் இசைவாகவே இருக்கின்றது.

ஐந்தாவது தொழிலும் வளர்ச்சியும். மீனவருக்கு வலையும் இயந்திரமும் வைக்க இடம் வேண்டும். தம்பலகாமத்து விவசாயிக்கு நெல்மூடை அடுக்க இடம் வேண்டும். மகள் மணமுடித்தால் ஓர் அறை கூடும். எந்தச் சுவரைக் கழற்றி வீட்டை நீட்டலாம், எதனைத் தொடலாகாது என்பதை வரைபடத்திற் குறித்துப் பெறவேண்டும். பழுதுற்றால் உள்ளூர் மேசனும் தச்சரும் திருத்த வல்லவரா, மாற்றுப் பலகை எங்கே கிடைக்கும் என்பதையும் எழுத்திலே பெறுதல் நலம்.

வரைபடத்தைப் பார்த்து வீட்டை உணர்தல் எல்லார்க்கும் எளிதன்று. அதற்கோர் உபாயம் உண்டு. 550 சதுர அடி வீடென்றால் 25 அடி நீளமும் 22 அடி அகலமுமாகச் சொந்த வளவிலேயே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு கீறுங்கள். அறைகளையும் வாசல்களையும் அவ்வாறே கீறி, கட்டிலையும் அடுப்பையும் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, அடுப்படியில் நிற்கப்போகும் பெண்களையும், படியேற இயலாத முதியோரையும் அக்கோடுகளுக்குள்ளே நடக்கவிடுங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழித்துக் கீறுவதற்குச் செலவில்லை. முடுக்கிய சுவரைக் கழற்றுவதற்குச் செலவுண்டு.

இலவசமாகத் தருவதை வாங்குவோர்க்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டோ எனச் சிலர் தயங்குகின்றனர். உண்டு என்பதே என் துணிபு. கையொப்பம் பெறும் அலுவலர் ஒரு நாளில் திரும்பிவிடுவார். ஒப்பந்தக்காரர் ஒரு மாதத்தில் நீங்குவார். முப்பது மாரியும் முப்பது கோடையும் அவ்வீட்டிற்குள் இருக்கப்போகின்றவர் குடும்பத்தவரே. பலமுறை இடம்பெயர்ந்த ஒரு பெண், தலைக்கு மேல் ஏதேனுமொரு கூரை போதும் என்று சொல்வாளாயின், அவளது களைப்பை நாம் சம்மதமாகக் கொள்ளலாகாது. அவளருகே அமர்ந்து, அவளுக்காக அக்கேள்விகளை எழுதிக் கொடுப்பது அயலிலுள்ள படித்தவர் கடமையாகும்.

கல்லாயினும் இரும்பாயினும், குடியிருப்போர் கருத்துக் கேட்டு அமைத்த வீடே அவர்க்குப் பொருந்தும் வீடு.