கதிராளியின் நிறமும் தாய்வழிக் குடியும்



இந்த அறக்கட்டளைப் பேச்சு யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியர் எனக்கு மூத்தவர். நான் உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு பிழை செய்தேன். அதைத் திருத்தியவர் அவர். அந்தப் பிழையைத்தான் இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கரும்பலகையில் கட்டம் கீறினேன். மண்ணிறக் கண் ஆட்சியானது, நீலக் கண் பின்னிடைவானது. ஆகவே வெளிர்கண் தாய்க்கும் தகப்பனுக்கும் கருங்கண் பிள்ளை பிறக்கவே முடியாது என்றேன். வகுப்பில் பறங்கியர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கருங்கண். தாய்க்கும் தகப்பனுக்கும் பூனைக்கண். அது தெரிந்த பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் கொப்பியை மூடிவிட்டுக் குனிந்துகொண்டாள். அன்று பின்னேரமே சேர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற தாயிடம், "தம்பி படிப்பிச்சது பிழை, தங்கச்சி. இப்படியும் பிள்ளை பிறக்கும்" என்றார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

நான் கீறிய கட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவில் சார்ள்ஸ் டேவன்போர்ட், ஜேர்ட்ரூட் டேவன்போர்ட் தம்பதி கண்ணின் நிறத்தை மெண்டலின் விதிக்குள் அடக்கி எழுதினார்கள். மனித இயல்பு ஒன்றை அந்த விதியால் விளக்க முயன்ற தொடக்ககால முயற்சிகளில் அதுவும் ஒன்று. எளிமையாக இருந்ததால் பள்ளிக்கூடங்களில் நிலைத்துவிட்டது.

கண்ணின் நிறம் எப்படி உண்டாகிறது என்று அறிய இந்தக் கண்ணாடிக் கிளாசைப் பாருங்கள். தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால் விட்டிருக்கிறேன். பின்னால் கறுப்புத் துணி. பக்கவாட்டில் டோர்ச் அடிக்கிறேன். சாம்பல் பூத்த நீலம் தெரிகிறதல்லவா? பாலிலும் நீலம் இல்லை, தண்ணீரிலும் இல்லை. நுண்ணிய துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியில் நீலமே கூடுதலாகச் சிதறுகிறது. நீலக் கண்ணும் இப்படித்தான். அதில் நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது. கண்மணியைச் சுற்றியுள்ள வட்டத்தைப் பாடநூல் கதிராளி என்கிறது. அதன் பின்படலம் ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் கறுப்பு. முன்படலத்தில் மெலனின் என்ற நிறப்பொருள் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. குறைந்தால் நீலம், சற்றுக் கூடினால் பச்சை, தேன்நிறம், நிறைந்தால் மண்ணிறம். நாம் கருவிழி என்று கொண்டாடுவதும் வெயிலில் பார்த்தால் கடும் மண்ணிறமே.

இந்த மெலனின் அளவை ஆளும் முக்கிய இடம் 15ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அங்கே ஓசிஏ2 என்ற பரம்பரையலகு மெலனின் உற்பத்திக்கு வேண்டிய புரதத்தைத் தருகிறது. அதைக் கூட்டிக் குறைக்கும் ஆளி, பக்கத்துப் பரம்பரையலகான ஹெர்க்2இன் உள்ளே கிடக்கிறது. அந்த ஆளியில் ஒரேயோர் எழுத்து மாறினால் உற்பத்தி தணிகிறது. கொப்பன்ஹேகனில் ஹான்ஸ் ஐபேர்க் குழுவினர் 2008இல் இதை வெளியிட்டார்கள். ஆனால் ஆளி ஒன்றல்ல. 2021இல் ஏறத்தாழ 195,000 பேரை ஆராய்ந்தபோது கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 இடங்கள் தெரிந்தன. அவற்றில் 50 அதுவரை அறியப்படாதவை.

பல இடங்கள் சேர்ந்தே நிறத்தை ஆள்வதை வயல்காரருக்குச் சொல்வது சுலபம். குளத்து மதகும் திறந்திருக்க வேண்டும், கிளை வாய்க்காலும் அடைபடாமல் இருக்க வேண்டும்; அப்போதுதான் வயலுக்குத் தண்ணீர் வரும். தகப்பனின் வயல் மதகு மூடியதால் காய்ந்தது. தாயின் வயல் வாய்க்கால் தூர்ந்ததால் காய்ந்தது. பிள்ளைக்குத் தாயிடமிருந்து நல்ல மதகும் தகப்பனிடமிருந்து நல்ல வாய்க்காலும் வந்தால் வயல் நிறையும். அந்தப் பிள்ளையின் கண் கறுத்தது இப்படியாக இருக்கலாம். பிள்ளையின் கண்ணில் நிறம் மாறினால் இந்த ஊரில் கேள்வி தாயிடம்தான் போகும். அதனால்தான் இதை விரித்துச் சொல்கிறேன்.

தாய் என்றதும் இங்கே குடியும் நினைவுக்கு வரும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. முஸ்லிம் மக்களிடையிலும் இந்த வழமை உண்டு. குடி வயிற்றுவார் என்னும் தாய்வழியே இறங்குகிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உரிமை முதலியன குடி பார்த்தே வருகின்றன. கலத்துக்குள் இருக்கும் இழைமணியும் அவ்வாறே. அதற்கென உள்ள 37 பரம்பரையலகுகளும் தாயிடமிருந்தே வருகின்றன. ஆனால் கண் நிறத்துக்குக் குடி கிடையாது. அது இரு பக்கத்தாலும் சரிபாதி வருகிறது.

குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. ஆகவே சின்னம்மாவின் மகள் தங்கச்சி, மாமாவின் மகள் மச்சாள். பரம்பரையலகுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. இருவருமே எட்டில் ஒரு பங்கு நம்மோடு ஒத்தவர்கள். மச்சான் மச்சாளைக் கட்டினால், ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரு பக்கத்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு எந்த ஒரு பரம்பரையலகிலும் பதினாறில் ஒன்று. ஒளிந்திருந்த வெளிர்நிறம் வெளியே வருவதற்கு அது ஒரு வழி.

இனி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். போர்த்துக்கேயர் இந்த வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் பதினைந்து, பதினாறு தலைமுறை. அன்று வந்த ஒருவரின் ஒரு பிரதி, ஒரே வழியில் பதினைந்து தலைமுறை இறங்கி இன்றைய ஒருவரை அடையும் வாய்ப்பு 32,768இல் ஒன்று. அப்படியிருந்தும் பூனைக்கண் அங்கே தொடர்கிறதென்றால், சமூகத்துக்குள்ளேயே நடந்த கலியாணங்கள் அதைக் காத்திருக்கலாம். அதே வீடுகள்தான் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் காத்தன. 2004 சுனாமி டச்பாரில் அந்த வீடுகள் பலவற்றைக் கொண்டுபோனதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரிலேயே பெரும்பாலோர் மண்ணிறக் கண்ணர்; வெளிர்கண்ணுக்குரிய பரம்பரையலகு வடிவம் தெற்காசியாவிலும் குறைந்த அளவில் பரவிக் கிடக்கிறது. பூனைக்கண்ணைக் கண்டதும் பறங்கிப் பூட்டன் ஒருவரைத் தேடவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கருங்கண் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கண்ணோ இரு கண்ணுமோ பளிச்சென்ற நீலமாக இருந்தால், நெற்றியில் ஒரு வெள்ளை மயிர்க்கற்றையும் உண்டா என்று பாருங்கள். ஒல்லாந்துக் கண் மருத்துவர் வார்டன்பேர்க் 1951இல் விவரித்த நிலை அது. இப்படிப் பிறப்பவர்களில் பலருக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. வெள்ளைக் கற்றை இல்லாவிட்டாலும், பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று காத்திருக்காமல், கைக்குழந்தையாக இருக்கும்போதே செவிப்புலப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.